தமிழ்ப் படத்துக்குத் தமிழில் எழுத்து போடுங்கள்

தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்களுக்கும், ஓடிடி நிறுவனங்களுக்கும், தமிழ்ச் சேனல்களை நடத்துபவர்களுக்கும்,

போன மாதம் உங்களில் ஒரு நிறுவனத்திடமிருந்து எனக்கு ஒரு பதில் வந்தது. தமிழ்ப் படங்களுக்குத் தமிழிலேயே சப்டைட்டில் வேண்டும் என்று ஐந்து மாதமாக நான் கேட்டுக்கொண்டிருந்ததற்கான பதில். படத்தின் மூல மொழியே தமிழ் என்பதால் தமிழ் சப்டைட்டில் அவசியப்படவில்லை, ஆங்கில சப்டைட்டிலைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று இரண்டே வரி. அந்தப் பதில் வருவதற்கு முன்னால் விளக்கம் கேட்க நான்கு முறை ஃபோன் செய்திருந்தார்கள், அதுவும் என் அப்பாவின் எண்ணுக்கு, ஏனென்றால் சந்தா அவர் பெயரில் இருக்கிறது. அப்பா காது கேட்காதவர் என்று புகாரின் முதல் வரியிலேயே எழுதியிருந்தேன்.

பதிலை அப்பாவிடம் காட்டினேன். படித்துவிட்டு, "அவங்களுக்குத் தெரியலை கண்ணு, நீ வெவரமா எழுது" என்றார். அதனால் எழுதுகிறேன். ஒரு நிறுவனத்துக்கு மட்டும் இல்லை, எல்லோருக்கும்.

அப்பாவுக்கு 71 வயது. பள்ளிபாளையத்தில் 38 வருஷம் விசைத்தறி ஓட்டினார். தறிப்பட்டறைக்குள் நின்று பார்க்காதவர்களுக்கு அந்தச் சத்தத்தைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். ஒரே கூரைக்குக் கீழே இருபது, இருபத்தைந்து தறி, ஒவ்வொன்றிலும் நூலைக் கொண்டுபோகிற நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடித்துக்கொண்டே இருக்கும். 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்பது நம் தொழிற்சாலை விதிகள் வைத்திருக்கும் வரம்பு. தறிப்பட்டறை அதைத் தாண்டும், அப்பா ஓட்டியது 12 மணி நேர ஷிப்ட். காதில் வைக்கப் பஞ்சு கூட யாரும் கொடுத்ததில்லை. நாற்பத்தைந்து வயதில் மந்தமாகத் தொடங்கி, 2010 வாக்கில் பேச்சு என்பதே அவருக்குப் பிடிபடாமல் போய்விட்டது.

இங்கே ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் "வால்யூமைக் கூட்டி வையுங்கள்" என்று எல்லோரும் சொல்கிறார்கள், உங்கள் கஸ்டமர் கேரிலும் சொன்னார்கள். இந்த மாதிரிச் செவிட்டுத்தனத்தில் சத்தம் கேட்கும், சொல் கேட்காது. உயர்ந்த ஸ்தாயி முதலில் போய்விடுகிறது, அதோடு ச, த, ப, க மாதிரியான எழுத்துகளின் ஒலியும் போய்விடுகிறது. மிச்சம் இருப்பது ஆ, ஓ என்ற உயிரொலிகளின் இரைச்சல். வால்யூமைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடும். காது மிஷின் வாங்கிக் கொடுத்தோம். ஒரு ஆள் எதிரே உட்கார்ந்து நிதானமாகப் பேசினால் அது உதவுகிறது. சினிமாவுக்கு உதவவில்லை, வசனத்தோடு சேர்ந்து பின்னணி இசையையும் அது தூக்கிக் கொடுக்கிறது. காது நன்றாகக் கேட்கிற எனக்கே இன்று வரும் பல படங்களில் இசைக்கு அடியில் வசனம் அமுங்கிப்போய், "என்ன சொன்னான்?" என்று கணவரிடம் கேட்க வேண்டியிருக்கிறது.

அப்பாவுக்கு சினிமா என்றால் உயிர். வாரச் சம்பளம் கைக்கு வந்த அன்று ராத்திரி இரண்டாம் ஆட்டம், அடுத்த நாள் தறியில் நின்றுகொண்டே பக்கத்துத் தறிக்காரருக்கு சைகையில் முழுக் கதையும் சொல்வார். அந்தச் சத்தத்தில் வாய் திறந்து பேச முடியாது என்பதால் தறிக்காரர்கள் எல்லோருக்கும் கையும் உதடும்தான் மொழி. நூல் அறுந்தது, டீ வந்தாச்சு, முதலாளி வர்றார், எல்லாம் விரலிலேயே. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வது அவருக்கு அப்படிப் பழகியதுதான். அதனால் சிவாஜி படம் என்றால் இன்றும் அவருக்குப் பெரிய சிரமம் இல்லை. ஒவ்வொரு எழுத்தையும் உதட்டில் நிறுத்திப் பேசியவர் சிவாஜி, கேமராவும் முகத்துக்கு நேரே நிற்கும். 'பராசக்தி' அப்பா பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்னால் வந்த படம், 1952. ஆனால் கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கியில் கதை வசனம் போட்டுப் போட்டு அந்த நீதிமன்றக் காட்சி முழுக்க அவருக்கு மனப்பாடம். சத்தத்தை முழுக்க நிறுத்தி வைத்தாலும் அவர் கூடவே சொல்லிக்கொண்டு வருவார்.

'முள்ளும் மலரும்' அவருடைய 24ஆவது வயதில் வந்தது. காது நன்றாக இருந்தபோது பார்த்த படம் என்பதால் அதையும் அவரால் இன்று பார்க்க முடிகிறது. தவிர மகேந்திரன் வசனத்தை நம்பிப் படம் எடுத்தவர் இல்லை. காளியின் நடையும் முறைப்பும் தங்கச்சியைப் பார்க்கிற பார்வையும் பாதிக் கதையைச் சொல்லிவிடும், மீதியை பாலு மகேந்திராவின் கேமரா சொல்லிவிடும். 'பேசும் படம்' என்று 1987ல் வந்த, வசனமே இல்லாத படத்தை அப்பா வருஷத்துக்கு இரண்டு தடவையாவது போடச் சொல்வார். எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் சிரிக்கிற ஒரே படம் அதுதான். 'மைக்கேல் மதன காமராஜன்' போட்டால் நாங்கள் சிரிப்போம், அப்பா நாங்கள் சிரித்து முடித்த பிறகு சிரிப்பார். கிரேஸி மோகன் எழுதிய வார்த்தை விளையாட்டை உதட்டில் பிடிக்க முடியாது, அதிலும் நான்கு கமல் சேர்ந்து பேசும்போது.

இன்றைய படங்களில் உதடே கிடைப்பதில்லை. கதாபாத்திரம் முதுகைக் காட்டிக்கொண்டு பேசுகிறது, இருட்டில் பேசுகிறது, ஃபோனில் குரல் மட்டும் வருகிறது, படத்தின் முதல் பத்து நிமிஷக் கதையை யாரோ பின்னணியில் சொல்கிறார்கள். தமிழ் தெரியாத நடிகைக்கு வேறொருவர் குரல் கொடுக்கிறார். அப்பா உன்னிப்பாகப் பார்த்துவிட்டு "இந்தப் பொண்ணு வாய் வேற என்னமோ சொல்லுதே" என்பார், அது உண்மையாகவும் இருக்கும். இதையெல்லாம் மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. முதுகைக் காட்டிப் பேசுவதுதான் அந்தக் காட்சிக்குச் சரி என்றால் அப்படியே எடுங்கள். கீழே எழுத்து மட்டும் வேண்டும்.

அது இல்லாததால் என் அப்பாவின் சினிமா 2010ல் நின்றுவிட்டது. எனக்குப் பொறுக்காதது இதுதான், ஏனென்றால் அதற்குப் பிறகுதான் அவர் வாழ்ந்த வாழ்க்கைக்குப் பக்கத்தில் இருக்கிற படங்கள் நிறைய வந்தன. 'காக்கா முட்டை'யை ஒருவழியாகப் பின்தொடர்ந்துவிட்டார். 'கடைசி விவசாயி' போட்டபோது நாற்காலி நுனிக்கு வந்து உட்கார்ந்தார். வயல், மாடு, அந்த முதியவரின் கை எல்லாம் அவருக்குப் புரிந்தது, கதை நீதிமன்றத்துக்குள் போனதும் எல்லாம் நழுவிப்போனது. அந்தப் பெரியவர் என்ன தப்பு செய்தார், எதற்குப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று கேட்டார். மயில்களைக் கொன்றதாக அந்தப் பெரியவர் மேல் போட்ட வழக்கை நான் அப்பா காதருகில் கத்திச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த இரண்டு காட்சி போய்விட்டது, எனக்கும் சேர்த்து.

'மெய்யழகன்' பார்த்த ராத்திரியைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷம் கழித்து ஊருக்கு வரும் ஒருவர், தன்னை இவ்வளவு பிரியமாகக் கவனிக்கிற உறவுக்காரன் யார், அவன் பெயர் என்ன என்று ஞாபகம் வராமல் தவிக்கிறார், இரண்டு பேரும் ராத்திரி முழுக்கப் பேசுகிறார்கள். பேச்சுதான் படம். கல்யாண வீட்டில் எதிரே வந்து கையைப் பிடித்துக்கொள்ளும் சொந்தக்காரரின் பெயர் தெரியாமல் சிரித்து வைப்பது அப்பாவுக்கும் எத்தனை தடவை நடந்திருக்கும். ஆனால் நாற்பது நிமிஷம் கழித்து, "பேசிட்டே இருக்கறாங்களே, சண்டையா சந்தோஷமா?" என்று கேட்டார். சந்தோஷம்தான் என்று தலையாட்டினேன். அதற்கப்புறம் அவர் டிவியைப் பார்க்கவில்லை, எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் கணவரும் கண்ணைத் துடைப்பதைப் பார்த்து, இங்கே ஏதோ நடக்கிறது என்று தெரிந்துகொண்டார். கொஞ்ச நேரத்தில் எழுந்து படுக்கப் போய்விட்டார்.

அன்றைக்கு ராத்திரி செட்டிங்ஸைத் திறந்து பார்த்தேன். ஆங்கில சப்டைட்டில் மட்டும் இருந்தது. வேறு சில தமிழ்ப் படங்களுக்கு, எனக்கு எழுத்து வடிவமே தெரியாத வெளிநாட்டு மொழிகளில் எல்லாம் எழுத்து இருப்பதைப் பார்த்திருக்கிறேன். உலகம் முழுக்கப் போகட்டும், எனக்கு அதில் பெருமைதான். ஆனால் அந்தப் பட்டியலில் தமிழ் மட்டும் இல்லை. அப்பா ஆறாம் வகுப்போடு நின்றவர், ஆங்கிலம் வராது. தமிழ் வரும், நன்றாகவே வரும். காலையில் தினத்தந்தியை கன்னித்தீவில் ஆரம்பித்து வரி விளம்பரம் வரைக்கும் படிக்கிறவர். அவரிடம் போய் ஆங்கில எழுத்தைப் படித்துத் தமிழ்ப் படத்தைப் புரிந்துகொள்ளுங்கள் என்று சொல்வது என்ன நியாயம்?

சேனல்காரர்களுக்கும் சொல்கிறேன். மாலை 6 மணியிலிருந்து 10 மணி வரை எங்கள் வீட்டில் தொடர்கள் ஓடும், ஒவ்வொரு விளம்பர இடைவேளையிலும் அம்மா அதுவரை நடந்ததைக் கத்திச் சொல்வார். அம்மாவுக்கு 66 வயது, தொண்டை வலிக்கிறது என்று பாதியில் நிறுத்திவிடுவார். எங்கள் அப்பாவை எல்லோரும் செய்தி விரும்பி என்று நினைக்கிறார்கள். அவர் செய்திச் சேனலே கதி என்று உட்கார்ந்திருப்பது அங்கே மட்டும்தான் கீழே தமிழ் எழுத்து ஓடுகிறது என்பதால். விளம்பரத்தில் கூட தள்ளுபடி எவ்வளவு என்று பெரிதாகத் தமிழில் எழுதுகிறீர்கள். 2012லிருந்து, படத்தில் யாராவது சிகரெட்டைப் பற்றவைத்தால் உடனே கீழே எச்சரிக்கை வருகிறது. ஒரு முழுப் படத்தில் பெயரைத் தவிர அப்பா படிக்கக் கிடைத்த தமிழ் அந்த எச்சரிக்கை மட்டும்தான். சட்டம் வந்தவுடன் ஒவ்வொரு படத்திலும், ஒவ்வொரு காட்சியிலும் சரியான நொடியில் உங்களால் எழுத்து போட முடிந்திருக்கிறது. ஆகவே முடியாது என்று சொல்லாதீர்கள்.

செலவு என்று சொன்னால், அதையும் நான் செய்து பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன். எங்களிடம் 'மொழி' படத்தின் டிவிடி இருந்தது. 2007ல் ராதாமோகன் எடுத்தது, காது கேட்காத, வாய் பேசாத பெண்ணாக ஜோதிகா நடித்தது. அப்படி ஒரு படத்தையே காது கேட்காத ஒரு தமிழரால் எங்கள் வீட்டில் தமிழில் பார்க்க முடியவில்லை என்பது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு பார்க்கிறேன் நான், சினிமாத் தொழில் தெரியாது. வேலை முடிந்து வந்து, சாப்பாடு முடிந்து, ராத்திரி லேப்டாப்பில் படத்தை நிறுத்தி நிறுத்தி ஓடவிட்டு, ஒவ்வொரு வசனமும் எந்த நொடியில் தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று குறித்து, தமிழில் டைப் செய்து, எஸ்ஆர்டி என்கிற சப்டைட்டில் ஃபைல் ஒன்றை உண்டாக்கினேன். 11 ராத்திரி ஆனது. பயிற்சி இல்லாத ஒருத்திக்கு 11 ராத்திரி என்றால், தெரிந்தவருக்கு இரண்டு மூன்று நாள் வேலை.

அதைப் போட்டு அப்பாவைப் பார்க்க வைத்தோம். மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகன் பக்கத்தில் உட்கார்ந்து தாத்தாவுக்காகச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தான், தாத்தாவுக்கு அது கேட்காது என்பதை மறந்துவிட்டான். அந்தப் படத்தில் எம்.எஸ். பாஸ்கர் ஒரு பேராசிரியராக வருவார், மகன் இறந்த 1984லேயே மனது நின்றுவிட்டவர், அன்றைய செய்தியையே இன்றைய செய்தியாகப் பேசிக்கொண்டிருப்பார். அப்பா அந்தப் படத்தை முன்பு இரண்டு மூன்று தடவை பார்த்திருக்கிறார். எழுத்தோடு பார்த்து முடித்ததும் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "அவரு காமெடிக்கு வர்றவருன்னு இத்தனை வருஷமா நெனச்சுட்டு இருந்தேன் கண்ணு" என்றார். முகத்தையும் கை அசைவையும் மட்டும் பார்த்தவருக்கு அந்த மனிதரின் துக்கம் வேடிக்கையாகத் தெரிந்திருக்கிறது. நீங்கள் ஆள் வைத்து, காசு கொடுத்து, யோசித்து எழுத வைத்த வசனம் ஒரு ரசிகனுக்குப் போய்ச் சேராமல் இருப்பது என்றால் என்ன என்று இதைவிட என்னால் விளக்க முடியாது.

உங்களுக்கு அந்த 11 ராத்திரி கூடத் தேவையில்லை. வசனம் ஏற்கெனவே உங்களிடம் தமிழில் இருக்கிறது. டப்பிங் தியேட்டரில் நடிகர் முன்னால் வைக்கும் தாளில் இருக்கிறது. தணிக்கைக்குப் படத்தை அனுப்பும்போது வசனத்தையும் பாடல் வரிகளையும் எழுத்தில் சேர்த்துத்தானே அனுப்புகிறீர்கள்? ஆங்கில சப்டைட்டில் எழுதுகிறவரும் தமிழ் வசனத்தை வைத்துத்தான் எழுதுகிறார், அவர் ஒவ்வொரு வரிக்கும் நேரமும் குறித்துவிட்டார். அதே நேரக் குறிப்பில் தமிழ் வரியை வைக்க வேண்டியதுதான் பாக்கி. வசனத்தை இயந்திரமே கேட்டு எழுதும்படி செய்வது இப்போது எளிது, செய்யுங்கள், ஆனால் கடைசியில் தமிழ் தெரிந்த ஒரு ஆள் உட்கார்ந்து திருத்த வேண்டும்.

சரி, சிலர் ஆரம்பித்திருக்கிறீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். சில ஓடிடிகள் தங்கள் சொந்தத் தயாரிப்புகள் சிலவற்றுக்குத் தமிழ் எழுத்து கொடுக்கின்றன. அப்படிக் கிடைத்த ஒரு தொடரை அப்பா இரண்டே நாளில் பார்த்து முடித்தார், சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை. ஆனால் அந்த எழுத்தில் ஒரு பெரிய குறை இருந்தது. அது வசனத்தைப் பார்த்து எழுதியது இல்லை, ஆங்கில சப்டைட்டிலைத் திரும்பத் தமிழுக்குக் கொண்டுவந்தது. ஒருவன் "போடா வெண்ண" என்கிறான், கீழே "முட்டாளே, விலகிச் செல்" என்று வருகிறது. உதட்டையும் பார்த்து எழுத்தையும் படிக்கிற அப்பா மாதிரி ஆளுக்கு இரண்டும் இரண்டு விதமாக இருந்தால் தலை சுற்றும். அதைவிட, மதுரைக்காரனும் கோயம்புத்தூர்க்காரனும் நெல்லைக்காரனும் சென்னைக்காரனும் ஒரே பாடப்புத்தகத் தமிழில் பேசினால் அந்தப் படத்தில் ஊரே இல்லை. வட்டார வழக்கை அப்படியே எழுதுங்கள். எங்கள் ஊர்க்காரர் "ஏனுங்க" என்றால் கீழேயும் "ஏனுங்க" என்றே வரட்டும்.

எத்தனை பேருக்கு இது தேவை என்ற கேள்வியும் பதிலில் மறைமுகமாக இருந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் செவித்திறன் குறைபாடு உள்ளவர்கள் என்று எண்ணப்பட்டவர்கள் நாடு முழுக்க சுமார் 50 லட்சம் பேர். என் அப்பா அந்தக் கணக்கில் இருப்பார் என்று நான் நினைக்கவில்லை, வயசானால் காது போகும் என்று விட்டுவிடுகிற குடும்பங்கள்தான் இங்கே அதிகம். 60 வயதைத் தாண்டியவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்குக் கேட்கும் திறன் குறைகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் தெருவில் தறி ஓட்டி ஓய்ந்தவர்களை மட்டும் நான் எண்ணினேன், டிவியை அதிகபட்சச் சத்தத்தில் வைக்கிற வீடுகள் ஒன்பது.

குழந்தைகளுக்கும் இது வேண்டும். பாட்டு ஓடும்போது அதே மொழியில் வரிகளைக் கீழே காட்டினால் மக்களின் படிக்கும் பழக்கம் வளரும் என்று அகமதாபாத் ஐஐஎம்மில் பணியாற்றிய பிரிஜ் கோத்தாரி பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார், 1999லேயே குஜராத்தில் தூர்தர்ஷன் பாட்டு நிகழ்ச்சியில் அதைச் செய்து காட்டினார்கள். இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கும் என் மகன் 'மொழி'யை மூன்று தடவை பார்த்துவிட்டான், தமிழ் வரிகளை இப்போது முன்பை விட வேகமாகப் படிக்கிறான். 2006ல் தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி விலக்கு என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது உங்களுக்கு நினைவிருக்கும், அந்தச் சலுகையைப் பல ஆண்டுகள் அனுபவித்தீர்கள். மக்களின் வரிப்பணத்தை அரசு விட்டுக்கொடுத்தது தலைப்பில் நான்கு தமிழ் எழுத்து இருப்பதற்காக. தலைப்புக்குப் பிறகு வரும் இரண்டரை மணி நேரத்துக்கும் தமிழ் எழுத்து வேண்டும் என்று கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறது.

சட்டமும் எங்கள் பக்கம்தான். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 42ஆம் பிரிவில், மின்னணு ஊடகங்கள் இவர்களுக்கும் எட்டும்படி எழுத்து, சைகை மொழி, காட்சியைக் குரலில் சொல்லும் ஒலி விவரிப்பு ஆகியவை கிடைக்க அரசு வழி செய்ய வேண்டும் என்கிறது. 2019 செப்டம்பரில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தொலைக்காட்சிகளுக்கென்று தரநிலைகளை வெளியிட்டது. எங்கள் வீட்டில் ஓடும் எந்தத் தமிழ்த் தொடரிலும் அதன் சாயலைக் கூட நான் இன்னும் பார்க்கவில்லை. 2023 ஜனவரியில் 'பதான்' படம் தொடர்பான வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம், ஓடிடியில் வரும்போது சப்டைட்டிலும் ஒலி விவரிப்பும் இருக்க வேண்டும் என்று தயாரிப்பாளருக்கு உத்தரவிட்டது. 2024 மார்ச்சில் தியேட்டர்களுக்கும் வழிகாட்டுதல் வந்துவிட்டது. நீதிமன்றம் போய் வாங்க வேண்டிய விஷயமாக இதை ஆக்காதீர்கள். பள்ளிபாளையத்துத் தறிக்காரர் யாரும் வழக்குப் போட மாட்டார், டிவியை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள்வார்.

நான் கேட்பது இவ்வளவுதான். தயாரிப்பாளர்களே, ஓடிடிக்குப் படத்தைக் கொடுக்கும்போது, நேரம் குறித்த தமிழ் வசன ஃபைலையும் கட்டாயம் சேர்த்துக் கொடுங்கள், ஒப்பந்தத்திலேயே அதை எழுதிவிடுங்கள், அடுத்து வெளியாகும் படத்திலிருந்தே. ஓடிடி நிறுவனங்களே, அந்த ஃபைல் இல்லாமல் தமிழ்ப் படத்தை ஏற்றாதீர்கள். எழுத்து மூல வசனத்திலிருந்து வர வேண்டும், ஆங்கிலத்திலிருந்து திரும்பி வரக்கூடாது. யார் பேசுகிறார் என்று தெரியாத இடத்தில் பெயரும், கதவு தட்டுவது, பக்கத்து அறையில் யாரோ அழுவது மாதிரிக் கதைக்குத் தேவையான சத்தங்களும், பாடல் வரிகளும் அதில் இருக்க வேண்டும். எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளும் வசதி டிவி திரையிலும் வேலை செய்ய வேண்டும். எந்தப் படத்துக்குத் தமிழ் எழுத்து இருக்கிறது என்று படத்தைத் திறப்பதற்கு முன்பே தெரியும்படி போடுங்கள், வாடகைப் பணம் கட்டிவிட்டு ஏமாறக்கூடாது. ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் பழைய படங்களுக்கு மாதத்துக்குப் பத்துப் படம் என்று தொடங்கினாலும் போதும், பேச்சு அதிகம் உள்ளவற்றிலிருந்து தொடங்குங்கள், 'மெய்யழகன்' முதலில் இருக்கட்டும். சேனல்களே, ஒரே ஒரு மாலைத் தொடரையும் ஞாயிற்றுக்கிழமைப் படத்தையும் மூன்று மாதத்துக்குத் தமிழ் எழுத்தோடு ஒளிபரப்பிப் பாருங்கள். தியேட்டர்களுக்குப் படம் அனுப்பும்போது வாரத்துக்கு ஒரு காட்சியாவது தமிழ் எழுத்தோடு ஓடும்படி ஒரு பிரதி கொடுங்கள், அப்பாவை நான் அழைத்துக்கொண்டு வருகிறேன்.

'மொழி'க்கு நான் டைப் செய்த ஃபைல் என்னிடம் இருக்கிறது. உரிமை வைத்திருப்பவர்கள் கேட்டால் காசு வாங்காமல் தருகிறேன், பிழை இருந்தால் திருத்திப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

இந்த மடலுக்குப் பதில் சொல்வதாக இருந்தால் அப்பாவின் எண்ணுக்கு ஃபோன் செய்யாதீர்கள். எழுத்தில் அனுப்புங்கள், தமிழில் அனுப்புங்கள், அவர் படித்துக்கொள்வார்.